வெள்ளையன் வீட்டு வேர்

"எனக்கும் வேரு வீக்கு மேடம். பிடுங்கிடுங்க."

ஜரீனா இதைச் சொன்னபோது நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் போனாலே கிராம்பு வாசனை அடித்தது. பதினெட்டு வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அடுத்தவர் வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்தவள். அதில் அவளே உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அது ஒரு புதன்கிழமை காலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. எங்கள் கிளினிக் இருப்பது ஒடுகத்தூரில். புதன்கிழமை மட்டும் ஜவ்வாது மலைமேல் ஓர் ஊரில், பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னறையில் வைத்தியம் பார்ப்போம். ஒரு நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர், கையில் பிடித்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே கருவி, இவ்வளவுதான். வெளியே நீள பெஞ்சில் ஏழெட்டுப் பேர் தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு நாளாக ஜரீனாவுக்கு மேல் கடைவாய்ப் பல்லில் வலி. தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை ஏறுகிறது. இதை என்னிடம் மறைத்து வைத்திருந்தாள். ஜீப் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் முனகி மாட்டிக்கொண்டாள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். சொத்தை ஆழமாகப் போய் நரம்பைத் தொட்டிருந்தது. வேர்கள் மூன்றும் நல்ல உறுதி.

"யாரு சொன்னது வேரு வீக்குன்னு? ரூட் கேனால் பண்ணா இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்."

"வோணாம் மேடம். எடுத்துடுங்க."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. "ஊருக்கெல்லாம் பல்லைக் காப்பாத்திக்கோங்கன்னு லெக்சர் அடிக்கிற. உனக்கு வந்தா மட்டும் பிடுங்கணுமா?" என்று கத்தினேன்.

அவள் மடியிலிருந்த டோக்கன் நோட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். மூன்றாவது பெயர் பவித்ரா, தகப்பனார் பெயர் வெள்ளையன். அதன் எதிரே ஜரீனாவின் உருண்டைக் கையெழுத்தில் 'பிடுங்க' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"ஏன்னு கேட்டேன். அவங்க வூட்ல எல்லாருக்கும் வேரு வீக்காம். டாக்டரம்மா சொன்னாங்களாம்."

காது மடல் சுட்டது எனக்கு. அந்த டாக்டரம்மா நான்தான். நான் சொன்னது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூரையும் தரையும்

இங்கே கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

வெளியிலிருந்து பார்த்தால் பல் ஒரே கெட்டி. உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் குடியிருக்கும் அறை. அதற்குக் கூரை உண்டு, சுவர் உண்டு, தரை உண்டு. இவை நான் வைத்த பெயர்கள் இல்லை. பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தரையின் ஓரங்களிலிருந்து தலைமுடி கனத்தில் வழிகள் புறப்பட்டு வேருக்குள் இறங்கும்.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வேர், ஒரு வழி. பிரச்சினையே இல்லை. கடைவாய்ப் பல்தான் ஆளைப் பாடாய்ப்படுத்தும். கீழ்ப்பல்லுக்கு இரண்டு வேர், வழி மூன்றோ நான்கோ. மேல்பல்லுக்கு மூன்று வேர். வழிகளும் மூன்றுதான் என்று நம்பினால் ஏமாந்தோம். நான்காவது ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும்.

கல்லூரியில் படிக்கும்போது, பிடுங்கிய பற்களைச் சேகரித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். நான் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். விடுதியில் என் அறைத்தோழி ஒருநாள் மதியம் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தேடி அந்த பாட்டிலைத் திறந்துவிட்டாள். அந்த வாரமே வேறு அறைக்கு மாறிப் போய்விட்டாள்.

அந்தப் பற்களை நெடுக்காகவும் குறுக்காகவும் அறுத்துப் பார்ப்போம். ஒன்று போல இன்னொன்று இருந்ததே இல்லை. ஆனால் உள்ளே போகும் முறை ஒன்றுதான். பல்லின் மேல்பக்கத்தில் துளை போட்டு இறங்க வேண்டும். கூரை உடைந்ததும் கையிலுள்ள கருவி பொதுக்கென்று உள்ளே விழும். விழுந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பிறகு முனை மழுங்கிய கருவியை மாட்டி, வெளிப்பக்கமாக இழுத்து இழுத்துக் கூரையை மட்டும் எடுக்க வேண்டும். தரையைத் தொடவே கூடாது. தரைக்குக் கீழே, வேர்களுக்கு நடுவில், தாடை எலும்பு இருக்கிறது.

அந்தப் 'பொதுக்' இருக்கிறதே, அது கைக்குப் பழகிவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும். என் கதை அதுதான்.

நான் சந்தோஷப்பட்ட ரத்தம்

வெள்ளையன் மலைமேல் சாமை விதைக்கிறவர். புளிய மரங்களும் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன்பு, வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். அந்த நாளில் மலைமேல் யாரும் ரூட் கேனாலுக்குச் சம்மதிக்க மாட்டார்கள். "பிடுங்கிப் போடுங்க, நெலத்துல வேல கீது" என்பார்கள். ஜரீனா அரைமணி நேரம் பேசி வெள்ளையனைச் சம்மதிக்க வைத்தாள். எங்களுக்கு அவர்தான் முதல் ஆள்.

அவருடைய பற்கள் மேல்பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தன. கல் நீங்காத சாமை, பாக்கு, இரண்டும் சேர்ந்து செய்த வேலை. பல் தேயத் தேய, உள்ளே சுவர் தடித்துக்கொண்டே வரும். அறை சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் கூரை தரையோடு ஒட்டிவிடும். அப்படிப்பட்ட பல்லில் கருவி விழுவதற்கு இடமே கிடையாது. எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. பார்த்தேன், மனதில் வாங்கவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிவிட்டிருந்தது.

துளை போட்டு இறங்கினேன். விழவில்லை. இன்னும் கொஞ்சம் போனேன். விழவில்லை. இன்னும் கொஞ்சம். பொதுக்கென்று விழுந்தது, சிவப்பாக ரத்தம் வந்தது.

"கெடச்சிடுச்சி ஜரீனா!" என்றேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஜரீனா குழாயால் ரத்தத்தை உறிஞ்சினாள். உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருந்தது. நரம்பின் ரத்தம் சற்று நேரத்தில் அடங்கும். இது அடங்கவில்லை. மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி எக்ஸ்ரே எடுத்தேன். ஊசி எந்த வேருக்குள்ளும் இல்லை. இரண்டு வேருக்கும் நடுவில், எலும்பில் நின்றது. நான் தரையை ஓட்டை போட்டிருந்தேன்.

அந்த ஓட்டையை அடைக்க மருந்து இருக்கிறது. மலைமேல் என்னிடம் இல்லை. தற்காலிகமாக மூடி, வேலூருக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "வெள்ளையண்ணா, உங்க வேரு வீக்கா இருக்கு. பல்லு நிக்காது. எடுத்துடலாம்" என்றேன்.

அவர் உடனே நம்பினார். "பொறப்பு அப்டி. நீங்க இன்னா பண்ணுவீங்க டாக்டரம்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த புதன்கிழமை ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். நான் சாப்பிட்டேன். ஜரீனா ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். அவளுக்குப் பலாப்பழம் என்றால் உயிர்.

ஜரீனாவின் நிபந்தனை

அவள் வாணியம்பாடிக்காரி. அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி ஒடுகத்தூர் வந்து, என் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். மூன்றே மாதத்தில் கருவிகளின் பெயர் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. நான் ஒரு நாளைக்கு மூன்று முறையாவது திட்டுவேன். அவள் உருதுவில் முணுமுணுப்பாள். எனக்கு வயிற்றுப்புண் என்பதால் புதன்கிழமைகளில் காரமில்லாமல் தனியாக ஒரு டப்பா கட்டிக்கொண்டு வருவாள். அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அன்றைக்கு, நாற்காலியில் இருந்தபடியே, நோட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தப்பு யாருக்கும் வரும் மேடம். அதுக்கு நான் பயப்படல. ஆனா என் பல்லுல அப்டி ஆச்சின்னா என்கிட்ட இன்னா சொல்வீங்க? வேரு வீக்குன்னு சொல்வீங்க. நான் மல்லாக்க படுத்துக்கினு இருப்பேன். எனக்கு எப்டித் தெரியும்?"

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். இப்ப அந்தப் பொண்ணு வந்துக்கினு நிக்குது. நல்ல பல்லு மேடம் அது. மொதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அப்பறம் வந்து எனக்குப் பாருங்க. அதுவரைக்கும் தெறக்க மாட்டேன்."

வாயை இறுக மூடிக்கொண்டாள். பல்லோடு பல் பட்டதில் வலி எகிறியிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்போதும் திறக்கவில்லை.

பெஞ்சில்

கதவு வரை நடப்பதற்குள் என் புத்தி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. பழைய கதை எதற்கு? 'பவித்ராவுக்கு வேர் நன்றாக இருக்கிறது, அப்பா மாதிரி இல்லை' என்று சொல்லிவிட்டால் அவள் பல் தப்பிவிடும், என் மானமும் தப்பிவிடும். நாக்கு நுனியில் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் வெளியே போனேன்.

வெள்ளையன் எழுந்து நின்று மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "பாப்பாக்கும் ஆரம்பிச்சிடுச்சி டாக்டரம்மா. எங்க வூட்டு வேரு. போன வருஷம் என் தம்பிக்கு வேற டாக்டர்கிட்ட ரெண்டு எடுத்தோம். ரூட் கேனால் பண்ணிப் பாக்கலாம்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு. நான்தான், வேரு வீக்கு, வோணாம், எடுத்துடுங்கன்னு சொன்னேன்."

குறுக்கு வழி அங்கேயே அடைபட்டுப் போனது. பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெள்ளையண்ணா, உங்க வேர்ல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு நான்தான் தப்பான எடத்துல ஓட்டை போட்டுட்டேன். சொல்ல பயந்துக்கிட்டு வேரு வீக்குன்னு பொய் சொன்னேன். உங்க பல்லு போனது என்னால."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தாடை வலியை மறந்து என்னைப் பார்த்தார்கள். வெள்ளையன் நாக்கால் வலது கன்னத்தின் உள்பக்கம் துழாவினார். பல் இருந்த இடத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது.

"பாப்பாவ பொண்ணு பாக்க வந்தாங்க" என்றார். "மறைக்கக் கூடாதுன்னு, எங்க வூட்ல வேரு வீக்குன்னு அவங்ககிட்டயும் சொன்னேன். சிரிச்சிக்கினு போனாங்க."

அந்த மனிதர் சம்பந்தி வீட்டாரிடம்கூட மறைக்க மனமில்லாமல் சொன்னது, நான் மறைத்ததால் முளைத்த பொய். எனக்கு அழுகை வந்தது. பெஞ்சு முழுக்க ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

பவித்ராவுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். மகளிர் குழுவின் சாமை உமி நீக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் கோபப்பட்டாள், நியாயமாகவே.

"அப்ப சித்தப்பா பல்லு ரெண்டும் சும்மா போச்சா?"

"நான் பாக்கலம்மா. ஆனா வேரு வீக்குன்னு எடுத்திருந்தா, அது என் பேச்சால போனதுதான்."

"ப்பா, நான் இவங்ககிட்ட காட்ட மாட்டேன். வேலூர் போலாம்."

"போய்ட்டு வாங்க. நான் லெட்டர் எழுதித் தர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வெள்ளையன் நகரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

"ஜரீனாம்மாவா நாற்காலில ஒக்காந்துக்கினு கீறாங்க?"

"ஆமா. அவளுக்குப் பண்ணப் போறேன்."

"நான் நின்னு பாக்கலாமா?"

உள்ளேயிருந்து ஜரீனாவின் குரல் வந்தது. "வாங்கண்ணா. நல்லா பாருங்க."

நான்கு விரல்

அன்றைக்கு நான் பார்த்த வைத்தியம் மாதிரி என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டதிலிருந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். "சொத்தையை எடுக்குறேன். இப்ப மேல துளை போடுறேன். எக்ஸ்ரேல அறை நல்லாத் தெரியுது, ஆழத்தை அளந்து வெச்சிருக்கேன்." பல்லைச் சுற்றி நீல ரப்பர் விரிப்பு மாட்டியிருந்ததால் ஜரீனாவால் பேச முடியாது. விரல்களால் பேசினாள்.

வெள்ளையன் எனக்குப் பின்னால் நின்று செல்போன் டார்ச்சை அடித்தார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பொதுக்கென்று விழுந்தது. நிறுத்தினேன். "விழுந்துடுச்சி. நிறுத்திட்டேன்" என்று சொன்னேன். கருவியை மாற்றி, கூரையை மட்டும் எடுத்தேன். கழுவித் துடைத்ததும் தரை தெரிந்தது. சுவர் வெளிறிய நிறம். தரை அதைவிடக் கறுத்த நிறம். இரண்டும் சேரும் ஓரத்தில்தான் வழிகளின் வாய் இருக்கும். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. முக்கோணம். அவற்றைச் சேர்த்துத் தரையில் கறுப்பாக மெல்லிய கோடுகள் ஓடின.

"அது இன்னா கோடு டாக்டரம்மா?"

"வழிகாட்டிண்ணா. ஒரு வழியில இருந்து இன்னொரு வழிக்கு ஓடும்."

"நம்ம ஒத்தையடிப் பாதையாட்டம் கீது."

மூன்று வழி கிடைத்துவிட்டது. இன்வெர்ட்டர் வேறு கீச்சிட ஆரம்பித்தது. மூன்று போதும் என்று மனசு சொன்னது. ஜரீனா கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினாள்.

"இல்ல ஜரீனா, மூணுதான் தெரியுது."

நான்கு விரலும் மடங்கவில்லை. இன்னும் உயரத் தூக்கினாள்.

முன்பக்கத்து வழியிலிருந்து அண்ணத்துப் பக்கமாக ஒரு கோடு கிளம்பி, சுவரின் சின்ன விளிம்புக்கு அடியில் மறைந்தது. அந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். ஒரு இடத்தில் கை நழுவியது.

பழைய நானாக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டேன். "ஜரீனா, சுவத்துல தேவைக்கு மேல சீவிட்டேன். தரையில படல. பல்லுக்கு ஆபத்து இல்ல. ஆனா தப்புதான்" என்றேன்.

ஜரீனாவின் கை மெதுவாகக் கீழே வந்து, என் முழங்கையை ஒருமுறை தட்டியது. அந்த ஒரு தட்டுக்கு நான் இன்னும் பதினெட்டு வருடம் அவளிடம் திட்டு வாங்கத் தயார்.

கூர்முனைக் கம்பியால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். முனை மாட்டிக்கொண்டு நின்றது. நான்காவது வழி. முக்கோணமாக இருந்த என் துளை, இப்போது சாய்ந்த நாற்கோணமாகிவிட்டிருந்தது. "இருக்கு, இருக்கு!" என்று கத்தினேன். ஜரீனா நான்கு விரலையும் மடக்கிக் கட்டைவிரலைத் தூக்கினாள். அவளுடைய திமிரை என்ன சொல்வது!

வழிகளைச் சுத்தம் செய்து மருந்து வைக்கப் போகும்போது வெள்ளையன் குனிந்தார்.

"எனக்கு எந்த எடத்துல ஓட்டை போட்டீங்க?"

சின்னக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன். "உங்களுது கீழ்ப்பல்லு. ஆனா இதே மாதிரி நடுத்தரையில. இங்க." கம்பி முனையைத் தரைக்கு மேலே, தொடாமல், பிடித்துக் காட்டினேன். அவர் டார்ச்சை அந்த இடத்தில் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து, கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைக் கூப்பிட்டார்.

"வா பாப்பா. எந்த எடத்துல போடக் கூடாதுன்னு டாக்டரம்மா என் வாயில கத்துக்கினாங்க. ஒனக்கு அங்க போட மாட்டாங்க."

ஜரீனாவுக்கு மருந்து வைத்து மூடி, விரிப்பைக் கழற்றினேன். அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்தாள். கையைக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு, உறிஞ்சும் குழாயை எடுத்துக்கொண்டு தன் பழைய இடத்தில் போய் நின்றாள்.

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. ஜரீனாவைப் பார்த்தாள்.

"நான் பக்கத்துலதான் நிக்கறேன்" என்றாள் ஜரீனா, பாதி மரத்துப் போன வாயால்.

பவித்ரா வந்து உட்கார்ந்தாள்.